சுவரில் சாயாதவர்

கூடத்தில் ஈ காக்கை இல்லாத நேரத்திலும் தர்மன் சுவரில் சாய்வதில்லை. சுவருக்கும் தன் பின்னந்தலைக்கும் நடுவே ஒரு கை நுழையும்படி இடம் விட்டுத்தான் நிற்கிறார். கால் மாற்றிக்கொள்கிறார். குதிகாலை உயர்த்தி இறக்குகிறார். யாரும் பார்க்கவில்லை என்றால் ஒரு காலின் பூட்ஸைக் கழற்றி விரல்களை நீட்டி மடக்குகிறார். சாய்வது மட்டும் கிடையாது.

“எண்ணெ தலைங்க மேடம். இது வெள்ளச் செவுரு. ஒரு வாட்டி பட்டுச்சின்னா பட்டதுதான். மேல பெயிண்ட் அடிச்சாலும் உள்ளருந்து எட்டிப் பாக்கும்” என்றார்.

எண்ணெய் வைக்காமல் வரலாமே என்று வாயைக் கொடுத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காஞ்ச தலையோட எப்பிடிங்க வேலைக்கு வர்றது?” என்றார், நான் என்னவோ சட்டை போடாமல் வரச் சொன்ன மாதிரி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாய்ந்திருக்கிறார். வெள்ளைச் சுவரில் தலை வட்டமாக விழுந்துவிட்டது. பக்கத்தில் மாட்டியிருந்த படங்களோடு அதையும் ஒரு வெள்ளைக்காரர் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனாராம். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. மேலாளர் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னார். அன்றைக்கு விட்ட பழக்கம்.

தெற்கு தில்லியில், லாடோ சராய்ப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த ஓவியக்கூடம். தர்மன் அங்கே காவலாளி. ஊர் கள்ளக்குறிச்சிக்குப் பக்கம். கல்யாணமான கையோடு ரயிலேறி வந்தவர். கட்டட வேலை, மார்பிள் சுமக்கிற வேலை எல்லாம் பார்த்து, இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு இந்த வேலைக்கு வந்தார். கொடுத்திருக்கும் நீலக் கோட்டுக்குள் இன்னொரு தர்மன் தாராளமாகப் புகுந்துகொள்ளலாம். பூட்ஸ் மட்டும் அவர் அளவு. அதில் முகம் பார்க்கலாம். கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் கேட்பது கழிப்பறை எங்கே என்றுதான். அதற்கு அவர் கையை நீட்டிக் காட்டுகிற மரியாதையைப் பார்த்தால் ராஷ்டிரபதி பவனுக்கு வழி சொல்கிறாரோ என்று தோன்றும்.

படத்தை நோக்கி எந்த விரல் நீண்டாலும் அவர் குரல் முந்திக்கொள்ளும். “ஆங்க் சே தேக்கியே ஜி, ஹாத் சே நஹி.” தமிழ் முகமாக இருந்தால், “கண்ணால பாருங்க, கையால வேணாம்.” அதட்டல் கிடையாது. பந்தியில் இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்று கேட்கிற குரல்தான். ஆனாலும் விரல்கள் மடங்கிவிடும்.

என்னிடம் பத்திரிகை ஆசிரியர் கட்டுரை கேட்டது கண்காட்சியைப் பற்றித்தான். லக்ஷ்மிபாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அப்பா ஓய்வு பெற்ற மாதமே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த குடும்பம், வீடு என்றால் இவளுக்குக் கை தானாக எழுதும் என்று நினைத்தார் போலிருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து நடத்திய கண்காட்சி. பெயர், ‘இருந்த இடம்’. ஒருவர் பிரதீப், மயூர் விஹாரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். விடுமுறைக்கு மட்டும் போய்வந்த தஞ்சாவூரையும், போய்வந்த ரயிலையும் பெரிது பெரிதாக வரைந்திருந்தார். இன்னொருவர் நிரோஜினி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, நாலு வயதில் வீட்டார் போரிலிருந்து தூக்கிக்கொண்டு ஓட, டொராண்டோவில் வளர்ந்தவர். அவர் வரைவதில்லை. போகிற ஊர்களிலெல்லாம் இடிந்த வீடுகளின் துண்டுகளைப் பொறுக்கி வந்து இரும்புச் சட்டத்தில் நிறுத்திவைக்கிறார். தன் வீட்டில் ஒரு செங்கல்கூட மிஞ்சவில்லை, அதனால் மற்றவர்களுடையதைச் சேர்க்கிறேன் என்றார்.

தர்மனுக்கு இருவரைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. “பிரதீப்பு நல்லாத்தான் போட்டிருக்காப்ல. ஆனா பாருங்க, ரயிலு பூரா காலியா இருக்கு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல எந்தக் காலத்துல ஜன்னலோரம் காலியா இருந்துச்சி? அப்புறம் ஒண்ணு, தமிழ்ப் புள்ளதான், இந்திக்காரனாட்டம் என்னைய பையாங்குது.” நிரோஜினியைப் பற்றிக் கேட்டால் குரல் இறங்கிவிடும். “அந்தம்மா நல்ல மனுசி. பேசறதுதான் பாதி புரியாது.”

நாலு தடவை போனேன். மூன்றாம் தடவைதான் ஒன்று கண்ணில் பட்டது. கடைசி அறையில் மட்டும் இவர் ‘கண்ணால பாருங்க’ சொல்வதில்லை. யாராவது நெருங்கினால் வாய் திறக்காமல் தானே நடுவில் போய் நின்றுவிடுகிறார். அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு சுவர்த் துண்டு. இரண்டு ஆள் தூக்குகிற கனம். கண்ணைப் பறிக்கும் நீல வண்ணம். நடுவில், தரையிலிருந்து ஒன்றரை முழத்துக்கு மேலே, கருமை படிந்து மினுங்கும் ஒரு வட்டம். அதற்குப் பக்கத்தில் ஒட்டுப் பொட்டுகள். சிவப்பு, கறுப்பு, ஒன்றிரண்டு பளபளக்கும் கல் வைத்தவை, ஒரே ஒரு பச்சை. பெண்பிள்ளைகள் ராத்திரி படுக்கும்போது நெற்றியிலிருந்து எடுத்துச் சுவரில் ஒட்டுவோமே, அப்படி ஒட்டியவை. கீழே அட்டையில், ‘சுவர். தில்லி. யார் வீடு என்று தெரியவில்லை’ என்று எழுதியிருந்தது.

நிரோஜினி அன்று அங்கே இருந்தார். துண்டை ஏன் மேடையில் ஏற்றாமல் தரையிலேயே வைத்தீர்கள் என்று கேட்டேன். “அது கீழ இருந்த ஆளின்ரை தலை உயரம்தானே. ஏத்தி வைச்சா அந்த ஆள் இல்லாமப் போயிடும்” என்றார். “ஆரோ கனகாலம் அதில சாஞ்சு இருந்திருக்கினம். எங்கட வீட்டுச் சுவரிலயும் அம்மா இருக்கிற இடத்தில இப்பிடி ஒண்டு இருந்தது. நாலு வயசில எனக்கு ஞாபகம் இருக்கிறது அது ஒண்டுதான். இடிச்ச இடத்தில இதைக் கண்டனான். விட்டிட்டு வர ஏலாமப் போச்சு.”

தர்மன் அப்போது வாசலில் நின்றிருந்தார். கேட்டிருப்பார். எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் அவர் பின்பக்கம் ஜெனரேட்டருக்கு அருகே ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பாட்டைத் திறக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். புளிச்சோறு, ஓரத்தில் உருளைக்கிழங்கு. எனக்கும் மூடியில் கொஞ்சம் வைத்தார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளும் ஆள். சாப்பிட்டேன். பிறகு, அந்த அறையில் மட்டும் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று நேராகவே கேட்டேன்.

முதலில், “அது மண்ணுங்க மேடம், உதிரும்” என்றார். இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு, “அந்த நீலம் எங்கருந்து வந்துச்சி தெரியுமா உங்களுக்கு? இந்தக் கூடத்துலருந்துதான்” என்றார்.

சில வருடங்களுக்கு முன்பு ஏதோ ஒரு கண்காட்சிக்காக ஒரு சுவருக்கு மட்டும் அந்த நீலம் அடித்தார்கள். மிச்சமிருந்த டப்பாவை மேலாளரிடம் கேட்டு வாங்கிப்போய்த் தன் வீட்டுக்கு அடித்தார் தர்மன். நாலாவின் கரையில், அந்தப் பெரிய சாக்கடைக்கு முதுகு காட்டிக்கொண்டு வரிசையாக இருந்த தமிழர் குடிசைகளில் ஒன்று அவர் வீடு. குடிசை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. “செங்கல்லு வச்சி, சிமெண்டு பூசி, நானே கட்டனதுங்க. மேல மட்டுந்தான் தகரம்.” நீலத்தைத் தேர்ந்தெடுத்தது மகள் மஹாலட்சுமி. ஒரே பிள்ளை. அவளுக்கு இதயத்தில் வால்வு கெட்டிருந்தது.

“படுத்தா மூச்சு வாங்கும். ஒக்காந்தேதான் தூங்குவா. அந்த எடந்தான் அவளுக்கு. பகல்ல படிக்கிறது, ராத்திரி தூங்கறது எல்லாம் அங்கியேதான். ஆராயி சாயந்தரமானா தலைக்கு எண்ணெ வச்சி வாரி வுடுவா. பாத்தீங்கல்ல, அந்த எண்ணெதான்.” ஆராயி அவர் மனைவி. “அந்தப் பச்சப் பொட்டு கடைசிப் பொங்கலுக்கு வச்சது. பாவாடைக்குப் பொருத்தமா வேணும்னு ஐ.என்.ஏ. மார்க்கெட் பூரா என்னைய சுத்த வச்சா.”

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பே அவள் போய்விட்டாள். அதற்கடுத்த கோடையில் புல்டோசர் வந்தது.

மீதியையும் அவரே சொன்னார். எல்லோரும் பாத்திரம் பண்டம் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியபோது ஆராயி போய் அந்த இடத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்க மாட்டேன் என்றாள். போலீஸ்காரப் பெண் வந்து சொன்னாள். பக்கத்து வீட்டார் வந்து சொன்னார்கள். “கடைசியில நாந்தாங்க கையப் புடிச்சி இழுத்தாந்தேன். வேற ஆளுங்க இழுக்கறதுக்கு நானே இழுத்துடலாம்னு. தலை செவுத்த வுட்டு வரல மேடம். அழுத்திக்கினு இருந்தா. இழுத்தேன்.”

இப்போது முனிர்காவில் மூன்றாவது மாடியில் ஒரு வாடகை அறை. ஆராயி நாலு வீட்டில் சமையல் செய்கிறாள். “பேசறா, சோறு போடறா, உடம்பு சரியில்லன்னா கசாயம் வச்சித் தரா. அத மட்டும் பேச மாட்டா. நானும் பேசல. அவ இப்ப செவுத்துல சாய்றதில்ல. நடு ரூம்ல ஒக்காந்து சாப்பிடறா.”

இந்தச் சுவரைப் பற்றி அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினார். பெட்டி பிரித்த அன்றைக்கு, தூக்கி வைக்கிறவர்களோடு இவரும் ஒரு கை பிடித்திருக்கிறார். அட்டையை உருவினதும் நீலம் தெரிந்தது. பிறகு பொட்டு தெரிந்தது. கையை விட்டுவிடாமல் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கழிப்பறைக்குப் போனாராம்.

எனக்குப் பொறுக்கவில்லை. நிரோஜினியிடம் நான் சொல்கிறேன், அடுத்த நிமிஷம் உங்கள் கையில் கொடுத்துவிடுவார் என்றேன்.

“அதாங்க பயமே” என்றார். “குடுத்துடுவாங்க. எங்க வைக்கிறது? முனிர்காவுல ஆணி அடிக்கவே ஓனர் வுடமாட்டான். நாளைக்கி அந்த ரூமும் மாத்தணும். தூக்கித் தூக்கி ஒடைஞ்சிப் போயிடும். இங்கன்னா ஏசி இருக்கு, லைட்டு இருக்கு. யாரும் தொடாம பாத்துக்க ஒரு ஆளு போட்டு வச்சிருக்காங்க.” கடைசி வாயை எடுத்துப் போட்டுக்கொண்டார். “அந்த ஆளும் நாந்தான்.”

தட்டைக் கழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “சொன்னா அந்த அட்டையில பேரு எழுதி ஒட்டிடுவாங்க மேடம். போட்டோ கேப்பாங்க. வர்றவன் போறவன்லாம் நின்னு ஐயோ பாவம்பான். அவளுக்கு அது ஆகாது. சீக்குன்னு ஸ்கூல்லயே யாருக்கும் சொல்லாத பொண்ணு.”

சரி, எனக்குப் புரிந்தது. ஆனால் ஆராயி? கண்காட்சி முடிந்ததும் அந்தச் சுவர் மரப்பெட்டியில் ஏறி டொராண்டோ போகிறது. அதற்குள் அவளுக்குக் காட்ட வேண்டாமா? இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அதை அவரே கேட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார். “காட்டனா, பாத்துட்டு எப்பிடி எழுந்து வருவா? மறுபடியும் நான்தான கையப் புடிச்சி இழுக்கணும்? காட்டாம அனுப்பிட்டு, பின்னாடி அவளுக்குத் தெரிஞ்சிதுன்னா? அதுவும் இழுத்த மாதிரிதான.”

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மனிதர் அத்தனை நாளும் நேராக நின்றுகொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கு, காவலாளி நிற்கிறார், அவ்வளவுதான்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கட்டுரைக்கு வேண்டியது எப்போதோ கிடைத்துவிட்டது. ஆனாலும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, போனேன். மாலை நெருங்கும் நேரம், கூட்டம் வடிந்திருந்தது. முன் கூடத்தில் பிரதீப் தன் படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். நடைபாதையில் மரப்பெட்டி வந்து இறங்கியிருந்தது. உள்ளே பஞ்சு அடைத்திருந்தார்கள்.

வாசலில் தர்மனோடு ஒரு பெண் நின்றிருந்தாள். குள்ளம். கத்தரிப்பூ நிறத்தில் நைலக்ஸ் புடவை. தலையில் வழிய வழிய எண்ணெய், படிய வாரிய கொண்டை. தோளில் துணிப்பை. “நம்ம வூட்டுக்காரம்மா” என்றார் தர்மன் என்னிடம். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒண்ணும் சொல்லல. தலை வாரிக்கினு வான்னு மட்டும் சொல்லி இட்டாந்தேன்” என்றார். முகம் வெளிறியிருந்தது.

ஆராயி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். “பகலெல்லாம் இங்கதான் நிக்கிறியா? ஒக்கார ஒரு சேரு குடுக்க மாட்டாங்களா?” என்றாள். பிரதீப்பின் காலி ரயிலின் முன்னால் நின்றாள். “ஏய்யா, யாருமே இல்ல இதுல” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தர்மனுக்கு வரவில்லை. அவர் முன்னால் நடந்தார். கடைசி அறைக்குள் அவளை விட்டு, ஓர் எட்டு பின்னால் நின்றார். நான் வாசலோடு நின்றுகொண்டேன்.

ஆராயி துணிப்பையைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். சுவரின் அருகே போய்க் குனிந்து, பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பச்சையிடம் வந்ததும் நின்றாள். தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சின்னச் சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது.

“எப்பலேந்து தெரியும் உனக்கு?” என்றாள், திரும்பாமலே.

“பொட்டி பிரிச்ச அன்னிலேந்து.”

“அத்தினி நாளும் நீ இங்கியே இருந்தியா, இதுங்கூட?”

“இருந்தேன்.”

அவள் பையின் காதைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். கோபப்படப்போகிறாள் என்று எனக்குப் பட்டது. தர்மனுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு கைகளையும் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார், எது வந்தாலும் வாங்கிக்கொள்கிறவராக. ஆராயி திரும்பினாள். அவரைப் பார்த்தாள். நீலக் கோட்டையும், அதன் மேல் குத்தியிருந்த பெயர்ப் பட்டையையும், பளபளக்கும் பூட்ஸையும் பார்த்தாள். பிறகு, ஓர் அதிகாரியிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

“தொடலாமாய்யா?”

அந்தச் சுவருக்கு எண்ணெய் கொடுத்த கை அது.

எத்தனையோ வருடமாக எந்தப் படத்துக்கும் முதுகு காட்டாத தர்மன், திரும்பி, வாசலை நோக்கி நடந்துவந்தார். அறைக்கு வெளியே முகம் வைத்து, என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நடைபாதையில் காலடிச் சத்தம் கேட்டது. நிரோஜினி. கையில் சுருட்டிய பொதிகட்டும் தாள். பின்னால் பெட்டி தூக்கும் ஆட்கள் இருவர். “தர்மன் அண்ணை, இதைத்தான் முதல்ல ஏத்த வேணும்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தர்மன் ஒரு கையை நீட்டி வாசலை மறித்தார்.

“கொஞ்சம் நில்லுங்க மேடம்.”

தன் படைப்பு இருக்கும் அறைக்குள் தன்னையே போகவிடாத காவலாளியை நிரோஜினி வியப்போடு பார்த்தார். பிறகு தர்மனின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். நானும் பார்த்தேன். ஆராயி துணிப்பையை ஓரமாக வைத்துவிட்டு, புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி, முதுகைச் சுவரோடு சேர்த்து, தலையைப் பின்னால் கொண்டுபோய் அந்தக் கறுத்த வட்டத்தின் மேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நிரோஜினியின் கையிலிருந்த தாள் நழுவியது. அவர் அதை எடுக்கவில்லை. பின்னால் வந்த ஆட்களுக்குக் கையைக் காட்டி அங்கேயே நிற்கச் சொன்னார். “ஓம்,” என்றார் தர்மனிடம், மிக மெல்ல. “ஆறுதலா இருக்கட்டும். நான் நிக்கிறன்.”

நீட்டிய கையைத் தர்மன் இறக்கவில்லை. உள்ளே திரும்பிப் பார்க்கவும் இல்லை. கொஞ்ச நேரம் நேராக நின்றார். பிறகு எண்ணெய் மினுங்கும் தன் தலையைப் பின்னால் கொண்டுபோய், வாசல் ஓரத்து வெள்ளைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.